பக்கத்து வீட்டு ஏசித் தண்ணீர்

கப்பலிலிருந்து விடுமுறையில் இறங்கிய இரண்டாவது மாதம் எனக்கு நெஞ்சு வலித்தது. ஞாயிற்றுக்கிழமை காலைப் பூசை முடிந்து கோயில் படியில் இறங்கிக்கொண்டிருந்தேன். இடது தோளில் தொடங்கிய வலி தாடை வரை ஏறியது. கூட வந்த மனைவி என் முகத்தைப் பார்த்தாள். உடனே ஆட்டோவுக்குக் கை காட்டினாள். அன்று சாயங்காலத்துக்குள் இதயக் குழாய் ஒன்றில் ஸ்டென்ட் வைத்து என்னைப் படுக்கப் போட்டுவிட்டார்கள்.

எண்ணெய்க் கப்பல்களில் பம்ப்மேனாக இருபத்திரண்டு வருடம் ஓடியவன் நான். சரக்கை ஏற்றி இறக்கும் பம்புகள், வால்வுகள், குழாய்கள் எல்லாம் என் பொறுப்பு. மறுபடி கப்பல் ஏற வேண்டுமானால், கடல் வேலைக்குத் தகுதியானவன் என்று டாக்டர் கையெழுத்துப் போட வேண்டும். அந்தப் பரிசோதனைக்கு ஆறு மாதம் கழித்து வரச் சொன்னார்கள். அதுவரை பளு தூக்கக் கூடாது, ஓடக் கூடாது, சும்மா இருக்க வேண்டும்.

எனக்குச் சும்மா இருக்கத் தெரியவில்லை. முதல் இரண்டு வாரத்தில் வீட்டிலிருந்த குழாய்களுக்கெல்லாம் வாஷர் மாற்றினேன். மிக்சியைக் கழற்றி மாட்டினேன். கழற்றத் தேவையில்லாத கிரைண்டரையும் கழற்றினேன். காலையில் துறைமுகத்திலிருந்து கப்பல் ஹாரன் கேட்டால் எழுந்து வாசலுக்குப் போவேன். அங்கே பார்க்க ஒன்றும் இருக்காது, திரும்பி வருவேன். மனைவி பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். அவள் விடைத்தாள் திருத்தும்போது எதிரே உட்கார்ந்து காலை ஆட்டிக்கொண்டே இருப்பேன். மேசை ஆடும், அவள் பேனாவை மூடி வைத்துவிடுவாள்.

"ஒரு எடத்துல இரிங்களேன். இல்லன்னா மாடில போயி ஏதாச்சும் செடி கிடி வைங்க. சுவத்த மொறச்சி மொறச்சி அது விழுந்துரப் போகுது" என்றாள் ஒருநாள்.

எரிச்சலில்தான் சொன்னாள். நான் மறுநாள் காலையிலேயே கிளம்பிவிட்டேன்.

மீன் ஏலம் போடும் இடத்தில் ஐஸ் வைத்து மீன் அனுப்பும் தெர்மாகோல் பெட்டிகள் ஓரம் உடைந்து கிடக்கும். அவற்றில் பன்னிரண்டு எடுத்து வந்தேன். மீன் வாடை போக சோப்புப் போட்டுக் கழுவி வெயிலில் காய வைத்தேன். அடியில் ஸ்குரூ டிரைவரால் ஓட்டை போட்டேன். செம்மண், தேங்காய் நார்த்தூள், மக்கிய மாட்டெரு மூன்றையும் கலந்து நிரப்பினேன். பளு தூக்கக் கூடாது என்பதால் கேஸ் சிலிண்டரை நகர்த்தும் சக்கரத் தட்டில் பெட்டிகளை வைத்துத் தள்ளிக்கொண்டு போனேன். கத்தரி, வெண்டை, மிளகாய், தக்காளி போட்டேன். இரண்டு பெட்டியில் சிறுகீரை. பழைய பெயிண்ட் வாளிகளில் புதினாவும் கற்பூரவல்லியும். மனைவி ஒரு பிச்சிக் கொடியும் செவ்வந்தி நாற்றும் வாங்கி வந்தாள்.

கீரை நாலாம் நாள் முளைத்தது. அன்று எத்தனை முறை மாடிக்கு ஏறினேன் என்று எனக்கே தெரியாது. விதை போட்ட இடத்தை விரலால் கிளறி, முளை வந்துவிட்டதா என்று பார்த்து, வெண்டை விதைகளில் பாதியைக் கெடுத்தேன். காலை வெயில் கிழக்குச் சுவரோரம் விழும். பெட்டிகளை அங்கே தள்ளுவேன். மத்தியானம் வெயில் ஏறினால் தண்ணீர்த் தொட்டியின் நிழலுக்கு. சாயங்காலம் மறுபடி வேறிடம். மாடித் தரையில் சக்கரம் உருளும் சத்தம் கீழே சமையலறைக்குக் கேட்கும்.

"செடிக்குக் கிறுக்குப் பிடிச்சிரும்" என்றாள் மனைவி.

செடிக்கு அதற்கு முன் வேறொன்று வந்தது. மார்ச் கடைசியில் இலைகளின் ஓரம் தீய்ந்தது. கத்தரி இலை கிண்ணம்போல் மேலே சுருண்டது. பெட்டி விளிம்பில் வெள்ளையாய்ப் பூத்திருந்ததை நாக்கில் வைத்துப் பார்த்தேன். உப்பு. எங்கள் வீட்டு போர் தண்ணீரில் சோப்பு நுரைக்காது என்பது தெரிந்ததுதான். அதையே தினமும் இரண்டு வேளை ஊற்றியிருக்கிறேன். கப்பலில் கடல் தண்ணீரைக் காய்ச்சி நல்ல தண்ணீராக்கும் இயந்திரம் உண்டு. அதில் உப்பு கொஞ்சம் கூடினாலும் மணி அடிக்கும், நாங்கள் ஓடுவோம். அந்த இயந்திரத்தோடு அத்தனை வருடம் இருந்தவன், என் மாடியில் உப்பை ஊற்றிச் செடி வளர்த்திருக்கிறேன். அவமானமாக இருந்தது.

குழாயில் வரும் ஆற்றுத் தண்ணீர் எங்கள் தெருவுக்குச் சில நாளைக்கு ஒருமுறைதான் வரும். அது குடிக்கவும் சமைக்கவும் சரியாக இருக்கும். அதில் ஒரு குடத்தை நான் மாடிக்குக் கொண்டுபோன அன்று மனைவி என்னோடு பேசவில்லை.

அப்போதுதான் பக்கத்து வீட்டுச் சுவரைக் கவனித்தேன்.

பக்கத்து வீடு ஒரு உப்பு வியாபாரியுடையது. கீழே குடோன், மேலே வீடு. அவரை எல்லோரும் அண்ணாச்சி என்போம். அவர் வீட்டுப் படுக்கையறைச் சன்னல் சரியாக எங்கள் மொட்டை மாடிக்கு எதிரே இருக்கும். நடுவில் ஒரு ஆள் புகுந்து நடக்கும் அளவு சந்து. அந்தச் சன்னலுக்குப் பக்கத்தில் ஏசியின் வெளிப்பெட்டி. அதற்கு மேலே சுவரிலிருந்து ஒரு சிறு குழாய் தொங்க, தண்ணீர் சந்தில் சொட்டிக்கொண்டே இருந்தது. காற்றிலிருந்து இறங்கும் தண்ணீர், உப்பு கிடையாது. எங்கள் ஊர்க் காற்றின் ஈரத்துக்கு அது நிற்காமல் சொட்டும். நின்று பார்த்தேன், கை நீட்டி ஏந்திக் குடித்தும் பார்த்தேன். மழைத்தண்ணீர் மாதிரி இருந்தது.

சிக்கல் என்னவென்றால், அண்ணாச்சியோடு எனக்கு ஆறு வருடமாகப் பேச்சு இல்லை. நாங்கள் வீடு கட்டியபோது எங்கள் மாடி மழைத்தண்ணீர் அவர் குடோன் பக்கம் இறங்கிவிட்டது. அவர் உப்பு மூட்டைகள் நனைந்தன. நான் அப்போது கப்பலில், வளைகுடாவில். போனில் அவரிடம், "கடல்ல கெடந்து வந்த உப்புதான, நனஞ்சா என்ன" என்றேன். வேலைக் களைப்பில் வாய் தவறி வந்தது. மனைவி குழாயைத் திருப்பி வைத்துப் பிரச்சினையை முடித்தாள். அந்தப் பேச்சை மட்டும் அவளால் திருப்பி வாங்க முடியவில்லை.

இரண்டு நாள் மாடியில் நடந்தேன். ஒரு பக்கம் தீய்ந்த கத்தரி, இன்னொரு பக்கம் வீணாய்ப் போகும் தண்ணீர். மூன்றாம் நாள் அவர் வீட்டு வெளிப்படியில் ஏறி மணி அடித்தேன்.

அவரே கதவைத் திறந்தார். உள்ளே கூப்பிடவில்லை.

"அண்ணாச்சி, ஒங்க ஏசித் தண்ணி சந்துல வீணா போகுது. ஒரு டியூப் மாட்டி எங்க மாடிக்கு எடுத்துக்கிடட்டுமா? செடிக்கு" என்றேன்.

கதவு நிலையில் சாய்ந்துகொண்டார்.

"நல்ல தண்ணி கேட்டு உப்புக்காரன் வீட்டுக்கு வந்திருக்கீங்க."

"அன்னைக்குச் சொன்னது தப்புதான் அண்ணாச்சி. நான் அப்படிச் சொல்லிருக்கக் கூடாது."

அவர் உள்ளே திரும்பிப் பார்த்துவிட்டுக் குரலைத் தணித்தார்.

"ஏசி எப்பவும் ஓடும். அவளுக்குப் போன வருசம் பக்கவாதம் வந்துட்டு. ஒரு பக்கம் முழுக்க விழுந்துட்டு, பேச்சும் சரியா வரல. வேர்த்தா முதுகு புண்ணாகுதுன்னு ஏசிய நிறுத்தறதில்ல. எடுத்துக்கிடுங்க தம்பி. செவுத்த மட்டும் ஓட்ட போட்ராதீங்க."

அவர் மனைவி படுத்துக் கிடப்பது என் மனைவிக்குத் தெரிந்திருந்தது. எனக்கும் சொல்லியிருக்கிறாள், கப்பலில் இருந்த காலத்தில் காதில் வாங்கி விட்டுவிட்டேன். படியிறங்கும்போது ஆறு வருடத்துக்கும் சேர்த்து வெட்கமாக இருந்தது.

அன்று மத்தியானமே டியூபை மாட்டினேன். சந்தைத் தாண்டி எங்கள் கைப்பிடிச் சுவரில் கிளாம்ப் அடித்து, நீல டிரம்மில் இறக்கினேன். ஒரு நாளில் இரண்டு குடம் நிறைந்தது. பெட்டிகளில் உப்பு கரைந்து அடியில் வடியும் வரை முதல் வாரம் முழுக்க ஊற்றினேன். மே மாதத்தில் வெண்டை பூத்தது. மிளகாய் புதுத் துளிர் விட்டது. கத்தரியில் இரண்டைத்தான் காப்பாற்ற முடிந்தது.

முதல் வெண்டைக்காய்களைத் தூக்குச் சட்டியில் போட்டு அண்ணாச்சி வீட்டுக்கு மனைவி கொண்டுபோனாள். திரும்பி வந்தவள் சிரித்தாள்.

"அக்கா சன்னல் வழியா ஒங்களத்தான் பாத்துட்டுக் கெடக்காங்களாம். நீங்க பெட்டிய மாத்தி மாத்தி வைக்கதுல அவங்களுக்கு எது எங்கன இருக்குன்னே பிடிபடலையாம். ஒரு பெட்டிய ஒரு எடத்துலதான் வைக்கச் சொல்லுங்கன்னு அண்ணாச்சி சொன்னாரு."

"அவங்களுக்குத்தான் பேச வராதே."

"விரல ஆட்டிக் காட்டுவாங்களாம். அண்ணாச்சிக்குப் புரியும்."

நான் மாடிக்குப் போய்ப் பார்த்தேன். சன்னல் கண்ணாடியில் வெயில் பட்டு உள்ளே ஒன்றும் தெரியவில்லை. கையை நெற்றியில் மறைத்துப் பார்த்தபோது தலையணையும் ஒரு முகமும் தெரிந்தன. என்ன செய்வதென்று தெரியாமல் தலையை ஆட்டினேன். பிறகு செவ்வந்தி வாளியைச் சன்னலுக்கு நேராகக் கைப்பிடிச் சுவரோரம் வைத்து, அதை மட்டும் நகர்த்துவதில்லை என்று முடிவு செய்தேன். நகர்த்தாமல் இருப்பது கஷ்டமாக இருந்தது. கை பரபரக்கும். அந்தப் பக்கம் போகாமல் மற்றதை நகர்த்துவேன்.

ஜூனில் பள்ளிக்கூடம் திறந்தது. மேற்கிலிருந்து கச்சான் காற்று அடிக்கத் தொடங்கியிருந்தது. மண்ணை வாரிக்கொண்டு நாள் முழுக்க அடிக்கும் காற்று அது. ஒரு புதன்கிழமை, மனைவி பள்ளிக்கூடம் போனபின், பதினொரு மணிவாக்கில் பிச்சிக் கொடிக்குக் கயிறு கட்ட மாடிக்குப் போனேன். டிரம்மில் தண்ணீர் விழும் சத்தம் இல்லை.

டியூபில் பாசி அடைத்திருக்கும் என்று நினைத்தேன். கழற்றி ஊதினேன், காற்று தாராளமாகப் போனது. வெளிப்பெட்டியைப் பார்த்தேன். விசிறி சுற்றவில்லை. கரண்ட் இருந்தது, எங்கள் வீட்டு மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. சொந்தத் தண்ணீர் நின்றுபோனதுபோல் எனக்கு முதலில் எரிச்சல்தான் வந்தது. அதை இப்போது நினைத்தாலும் கூசுகிறது.

அப்புறம்தான் சன்னலைப் பார்த்தேன். கையை மறைத்து, சுவரில் நன்றாகச் சாய்ந்து பார்த்தேன். தலையணை இருந்தது. கட்டிலில் ஆள் இல்லை.

தானாக எழுந்து உட்காரவும் முடியாதவர் கட்டிலில் இல்லை. ஒருவேளை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போயிருக்கலாம் என்று நினைத்தேன். ஆனால் காலையிலிருந்து நான் மாடியிலும் வாசலிலுமாகத்தான் திரிந்தேன். ஆம்புலன்ஸோ காரோ வரவில்லை. அண்ணாச்சி மட்டும் எட்டரைக்கு ஸ்கூட்டரில் போனதைப் பார்த்தேன். அண்ணாச்சிக்குப் போன் போட்டேன். எடுக்கவில்லை. மறுபடி போட்டேன். கீழே இறங்கி, தெருவுக்கு வந்து, அவர் வெளிப்படியில் ஏறிக் கதவைத் தட்டினேன். பதில் இல்லை. மூன்றாம் முறை போன் போட்டபோது எடுத்தார். பின்னால் லாரி உறுமும் சத்தம்.

"அண்ணாச்சி, வீட்ல அக்கா கூட யாரு இருக்கா?"

"பாத்துக்கிடற பொண்ணு வீட்ல விசேசம்னு இன்னைக்கு வரல. நான் உப்பளத்துல லோடு ஏத்திட்டு இருக்கேன், அரமணி நேரத்துல வாரேன். ஏன் தம்பி?"

"அக்கா கட்டில்ல இல்ல. ஏசி நின்னு கெடக்கு."

லாரியை நிறுத்தச் சொல்லி யாரிடமோ கத்தினார். பிறகு அவர் குரல் மாறி வந்தது. "சாவி மீட்டர் பெட்டிக்குள்ள இருக்கு. போங்க, போங்க தம்பி."

திறந்து உள்ளே போனேன். படுக்கையறைக் கதவைத் தள்ளியதும் பாய்லர் ரூமின் சூடு முகத்தில் அடித்தது. கருகிய வாடை. ஏசியின் ஸ்டெபிலைசர் தீய்ந்திருந்தது. அடைத்த அறையில் வெக்கை தாங்காமல் அவர் சன்னலை எட்ட முயன்றிருக்க வேண்டும். கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவே தரையில் கிடந்தார். கண் திறந்திருந்தது. என்னைப் பார்த்ததும் வாய் அசைந்தது. ஒரு சொல்லும் வரவில்லை.

"அக்கா, நான்தான். மாடி வீட்டுக்காரன்" என்றேன். அது அவருக்குத் தெரியும் என்று சொன்ன பிறகுதான் உறைத்தது.

சன்னலைத் திறந்தேன். கச்சான் புழுதியோடு உள்ளே வந்தது. அவரைத் தூக்கக் கை நீட்டி, நிறுத்திக்கொண்டேன். எலும்பு முறிந்திருக்கலாம் என்று கப்பலில் கற்றுத் தந்த முதலுதவி ஞாபகம் வந்தது. தண்ணீர் கேட்பதுபோல் வாயைத் திறந்தார். புரையேறிவிடும் என்று கொடுக்கவில்லை. துண்டை நனைத்து உதட்டையும் நெற்றியையும் துடைத்தேன். 108-க்குப் போன் செய்தேன். தலைக்கடியில் துணியை மடித்து வைத்துவிட்டுப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தேன். அவருடைய நல்ல கை என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டது.

ஆம்புலன்ஸ் வர எவ்வளவு நேரமானது என்று தெரியவில்லை. எழுந்து வாசலுக்குப் போய்ப் பார்க்க வேண்டும் என்று உடம்பெல்லாம் துடித்தது. அவர் பிடியை விடவில்லை. நான் அசையாமல் உட்கார்ந்திருந்தேன். ஸ்டென்ட் வைத்த பிறகு அவ்வளவு நேரம் ஒரே இடத்தில் உட்கார்ந்தது அன்றுதான்.

அண்ணாச்சியும் ஆம்புலன்ஸும் ஒன்றாக வந்து சேர்ந்தார்கள். ஆஸ்பத்திரியில் படம் எடுத்துப் பார்த்து, இடுப்பு எலும்பில் கீறல், உடம்பில் நீர் வற்றியிருக்கிறது, உயிருக்கு ஒன்றும் இல்லை என்றார்கள். ஆஸ்பத்திரி வராந்தாவில் அண்ணாச்சி என் பக்கத்தில் வந்து நின்றார். சட்டையில் உப்புத் தூள் ஒட்டியிருந்தது.

"அரமணி நேரம்தானன்னு விட்டுட்டுப் போனேன். ரெண்டரை மணி நேரம் ஆயிட்டு" என்றார். அதையே திரும்பத் திரும்பச் சொன்னார். நான் அவர் முதுகில் கையை வைத்தேன்.

ஜூலையில் கோயம்புத்தூரிலிருந்து அவர்கள் மகள் வந்து இருவரையும் கூட்டிப்போனாள். வேனில் ஸ்ட்ரெச்சரை ஏற்றும்போது அக்கா விரலை உயர்த்தி ஆட்டினார்.

"செவ்வந்தி பூத்துட்டான்னு கேக்கா" என்றார் அண்ணாச்சி.

"மொட்டு விட்டிருக்கு அக்கா" என்றேன். உண்மையில் அது விடவில்லை. செவ்வந்திக்கு அது பருவம் இல்லை.

ஏசி நின்றது, தண்ணீரும் நின்றது. நாலு வீடு தள்ளி இன்னொரு ஏசித் தண்ணீரைக் கேட்டுவாங்கி வாளியில் சுமந்தேன். மனைவி பார்த்துவிட்டு வாளியைப் பிடுங்கினாள். அவள் சாயங்காலம் சுமந்தாள், நான் காலையில் பாதி வாளியாய்ச் சுமந்தேன். தக்காளி போனது. புதினா போனது. கற்பூரவல்லி மட்டும் எதற்கும் அசையவில்லை.

ஆகஸ்டில் பரிசோதனைக்குப் போனேன். டாக்டர் நல்ல மனிதர். டிரெட்மில்லில் ஓடவிட்டார், எக்கோ பார்த்தார். தாளை எழுதிக்கொண்டே, "ஊர்ல நல்லாவே இருக்கலாம் சார். கடலுக்கு மட்டும் வேண்டாம். நடுக்கடல்ல வலி வந்தா யாரும் ஒண்ணும் செய்ய முடியாது" என்றார். சரி என்றேன். நன்றி கூடச் சொன்னேன்.

வீட்டுக்கு வந்து மாடிக்குப் போனேன். எல்லாப் பெட்டிகளையும் கிழக்கிலிருந்து மேற்குச் சுவருக்குத் தள்ளினேன். பிறகு தெற்குக்கு. வெயில் எங்கே என்று பார்க்கவில்லை. ஒரு பெட்டி உடைந்து மண் கொட்டியது, அதை அப்படியே விட்டு அடுத்ததைத் தள்ளினேன். செவ்வந்தி வாளியையும் தள்ளினேன். மனைவி பள்ளிக்கூடத்திலிருந்து வந்து, பையைத் தோளிலிருந்து இறக்காமல் மாடிக் கதவருகே நின்று பார்த்தாள். அவளுக்கு விஷயம் புரிந்துவிட்டது. நேராக வந்து, நான் தள்ளிக்கொண்டிருந்த சக்கரத் தட்டின் முன்னால் தரையில் உட்கார்ந்தாள்.

"என்னையும் தூக்கி எங்கனயாவது வைங்க" என்றாள்.

எனக்குச் சிரிப்பு வந்தது. அதோடு அழுகையும் வந்துவிட்டது. அவள் முன்னால் நான் அழுதது அதுதான் முதல் தடவை. கப்பலில் போகும் ஒவ்வொரு முறையும் அவள்தான் அழுவாள். நான் பெட்டியைச் சரிபார்ப்பதுபோல் குனிந்துகொள்வேன்.

"எனக்கு வேற ஒண்ணும் தெரியாதுளா" என்றேன்.

"தெரியாட்டி படிச்சிக்கிடலாம். மொதல்ல கீழ வாங்க, சாப்பிடலாம்."

இப்போது பழைய துறைமுகத்தில் ஒரு சிறு பட்டறையில் வேலை செய்கிறேன். மாலத்தீவுக்குச் சரக்கு கொண்டுபோகும் தோணிகளின் பம்புகளைப் பழுது பார்க்கிறோம். தகுதிச் சான்று யாரும் கேட்பதில்லை. கனமானதைத் தூக்க வேறு ஆள் உண்டு. அண்ணாச்சி மட்டும் மாதம் ஒருமுறை குடோனைப் பார்க்க வருகிறார். எங்கள் வீட்டில்தான் காப்பி குடிக்கிறார்.

மாடியில் இப்போது ஏழு பெட்டிகள். மூன்று வீட்டு ஏசிகளிலிருந்து டியூப் வருகிறது. காலையில் ஒரு மணி நேரம்தான் அங்கே எனக்கு. மிளகாய் அடியில் மாவுப்பூச்சி வந்திருக்கிறது, வேப்பெண்ணெய் அடிக்க வேண்டும். மனம் அடங்கிவிட்டது என்று சொன்னால் பொய். போன வாரம் ஒரு தோணியில் பம்பு மாட்டி முடித்து, ஓட்டிப் பார்த்துவிட்டு இறங்கினேன். வெங்காயமும் முட்டைக்கோஸும் மூட்டை மூட்டையாக ஏற்றியிருந்தார்கள். கயிற்றை அவிழ்த்ததும் தோணி மெல்ல விலகியது. தோணிக்காரர், "அண்ணே, ஏறிக்கிடுதீங்களா?" என்று விளையாட்டாகக் கேட்டார். நான் சிரித்தேன். ஆனால் அது துறைமுக வாயைத் தாண்டும் வரை, கையில் ஸ்பேனரோடு, கரையோரமாகவே அதன் கூட நடந்து போயிருக்கிறேன். பட்டறை முதலாளி கூப்பிட்ட பிறகுதான் தெரிந்தது.